எதுல போடன்னு கேக்காத மக்ளே, எப்போ வேணும்னு சொல்லு

கேள்வி: சார், எனக்கு தக்கலை பக்கம், நாகர்கோவில்ல பி.காம் ரெண்டாம் வருஷம் படிக்கேன். புதுமைப் பெண் பைசா மாசம் 1000 வருது, சாயங்காலம் பக்கத்து வீட்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கதுல ஒரு 2000 கிடைக்கும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு முன்னால 40,000 ரூவாய்ல ஒரு லேப்டாப் வாங்கணும், 18 மாசம் இருக்கு. அம்மா தெருவுல ஒரு மாமி நடத்துற சீட்டுல சேருன்னு சொல்லுதாங்க. ஃப்ரெண்ட் இப்பவே ஈஎம்ஐல வாங்குங்கா. சித்தப்பா பையன் ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் ட்ரேடிங் பண்ணா ஆறு மாசத்துல பைசா வந்துரும்ங்கான். எதுல போட்டா நல்லது?

பதில்: மக்ளே, நிறைய பேரு எனக்கு "பைசா பெருக்கணும்"னு மொட்டையா எழுதுவாங்க, நீ தொகையும் சொல்லிட்ட, தேதியும் சொல்லிட்ட, அதுலயே பாதி வேலை முடிஞ்சாச்சு. 18 மாசத்துல வேணும்ங்கிற பைசா பெருகலைன்னா கூட பரவாயில்லை, அந்த தேதிக்கு குறையாம கைக்கு வரணும், அவ்வளவுதான் நீ பாக்க வேண்டியது.

முதல்ல ஒரு வேலை செய். போன மாசத்து ஜிபே ஹிஸ்டரிய எடுத்து ஒரு தாள்ல எழுது, ரீசார்ஜ், ஜெராக்ஸ், டீ, ரசவடை, பர்த்டே கேக் ஷேர் எல்லாம். யாருக்கும் காட்டாண்டாம், உனக்கு மட்டும் தான். 3000ல 2000 மிச்சம் பிடிக்க முடியும்னு அப்போ தெரிஞ்சா, 500 ரூவாய தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வை, அது 5000 ஆகுற வரைக்கும் தொடாத, ஃபோன் டிஸ்ப்ளே உடையும், வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வரும், அப்போ லேப்டாப் பைசாவுல கை வைக்காம இருக்கதுக்கு தான் இது. மிச்சம் 1500 பேங்க் ஆர்டி, அதாவது மாசாமாசம் ஒரே தொகை கட்டுற ரெக்கரிங் டெபாசிட். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி பாதுகாப்பானது தான், ஆனா அது 5 வருஷம், 3 வருஷத்துக்கு முன்னால மூட முடியாது, உன் தேதிக்கு ஒத்து வராது. பேங்க்ல 18 மாசத்துக்கே போடலாம்.

சரி, கணக்கு பாப்போம். 1500 வச்சு 18 மாசம், 27,000. வட்டி ஆறரை பெர்சென்ட்னு வச்சா ஒரு 1,400 சேரும், ஆக 28,400. நீ கேட்டது 40,000. இந்த 11,600 இடைவெளிய பாத்து பயந்து தான் பிள்ளைகள் ஈஎம்ஐக்கும் ட்ரேடிங்குக்கும் ஓடுது. அதுக்கு பதிலா 40,000ங்கிற நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு யோசி. பி.காம்காரிக்கு கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேர் ஓடணும், எக்செல் ஓடணும், ப்ராஜெக்ட் டைப் பண்ணணும், எட்டு ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தா போதும், வாரண்டியோட வாற ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பும் பாக்கலாம். இன்னொண்ணு, 2025 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு லேப்டாப் இல்லேன்னா டேப் குடுக்கோம்னு அறிவிச்சது, உன் பேரு அந்த லிஸ்ட்ல வருமான்னு காலேஜ் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுரு, கேக்கதுக்கு காசா பணமா.

இப்போ உன் ஃப்ரெண்ட் சொன்னது. கடையில "12% தான் வட்டி"ன்னு சொன்னா ஃப்ளாட்டா (முழுக் கடனுக்கும் கடைசி வரைக்கும் வட்டி) ரெட்யூசிங்கா (மிச்சம் இருக்க கடனுக்கு மட்டும் வட்டி)ன்னு கேளு. 40,000க்கு ஒரு வருஷம் 12% ஃப்ளாட்னா வட்டி 4,800, மாசத் தவணை 3,733. ஆறு மாசத்துல பாதி கடனை அடைச்சிருப்ப, ஆனா வட்டி மட்டும் முழு 40,000க்கும் போட்டது போட்டபடி இருக்கும், ரெட்யூசிங்ல பாத்தா அது கிட்டத்தட்ட 21.5% ஆயிரும், நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்லா ரெண்டு வட்டி, நூத்துக்கு மாசம் ரெண்டு ரூவா, வருஷத்துக்கு 24%, அதுக்கு பக்கத்துல வந்து நிக்குது. அதை விடு, உன் மொத்த வரவே 3000, தவணை 3,733. வட்டியே இல்லைன்னு சொல்லுற நோ காஸ்ட் ஈஎம்ஐன்னாலும் ப்ராசசிங் ஃபீஸ் கேப்பாங்க, ரொக்கத்துக்கு கிடைக்கிற டிஸ்கவுண்ட்டும் போயிரும்.

சித்தப்பா பையனுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லு. 2024 செப்டம்பர்ல, ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற செபி ஒரு ஆய்வு வெளியிட்டது, மூணு நிதியாண்டுல ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் பண்ணின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். அவன் மிச்ச 7%ல இருக்கான்னா சந்தோஷம், அவன் பைசாவ வச்சு இருக்கட்டும்.

சீட்டு தான் கஷ்டம், ஏன்னா அம்மா சொன்னது. சீட்டு கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், குமரி மாவட்டத்துல எத்தனையோ வீட்டுல கல்யாணமும் காலேஜ் ஃபீஸும் சீட்டெடுத்து தான் நடந்திருக்கு. 20 பேர், மாசம் 2000, 20 மாசம்னு வை. மாசாமாசம் சேருற 40,000த்தை ஏலத்துல ஒருத்தர் எடுப்பாங்க. முதல்லயே எடுக்கவங்க 10,000 தள்ளி, அதாவது விட்டுக்குடுத்து, எடுத்தா கைக்கு 30,000, அவங்களுக்கு அது கடன். கடைசி வரைக்கும் நிக்கவங்களுக்கு அது சேமிப்பு, மத்தவங்க தள்ளின பைசாவுல கமிஷன் போக மிச்சம் தான் இவங்களுக்கு கழிவா வருது. உனக்கு வேண்டியது 18ஆம் மாசம், அப்போ அவசரம் உள்ள வேற ரெண்டு பேரு ஏலத்துல நின்னா நீ எவ்வளவு தள்ளணும்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்த முன் அனுமதியும் பதிவும் வேணும், கமிஷன் 7%க்கு மேல போகக் கூடாது. தெருச் சீட்டுக்கு கையில இருக்கது ஒரு நோட்டுப் புத்தகம் தான். நான் காலேஜ் படிக்கும்போ எங்க வீட்டுல பதினாலு மாசம் கட்டின சீட்டு, நடத்துனவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிட்டு போயாச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல என்ன ஆதாரம்னு கேட்டப்போ எங்க அப்பா அந்த நோட்டை தான் நீட்டினாரு.

அம்மாட்ட இதெல்லாம் சொல்லி சண்டை போடாத, அந்த மாமி அவங்களுக்கு முப்பது வருஷப் பழக்கமா இருக்கும். "அம்மா, உங்க பேருல நீங்க சேருங்க, என் பைசா பேங்க்ல கெடக்கட்டும்"னு சொல்லிப் பாரு. ஆர்டி பிடிக்கிற தேதிய மட்டும் டியூஷன் ஃபீஸ் வாற தேதிக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு வை, பிள்ளைகளோட அம்மாமார் பத்தாம் தேதிக்கு முன்னால தாறதில்லைன்னு நீ சொல்லாமலே எனக்குத் தெரியும்.