டிராயிங்கில் தேதி இருக்கிறதா? கட்டுமானத் தொழில்நுட்பம்: கேள்வி பதில்

சைட்டில் கணினி, கருவிகள், மென்பொருள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த சிமெண்ட் நல்லது, வாஸ்துப்படி சமையலறை எங்கே வரணும் என்பதெல்லாம் என் துறை இல்லை.

கோவை, சிறிய பில்டர்: சார், கம்பி சேதாரம் தாங்கவில்லை. பிம் மென்பொருள் வாங்கினால் குறையுமா?

பிம் என்பது கட்டடம் முழுவதையும், கம்பி, குழாய் உட்பட, கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கிப் பார்க்கும் முறை. உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். எக்செல் போதும்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 3.5 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் கம்பி கட்டுபவர் ஒரு கம்பியில் மூன்று வெட்டுவார், 1.5 மீட்டர் மிஞ்சும். அதாவது எட்டில் ஒரு பங்கு. 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. இப்படி நூறு கம்பி வெட்டினால் 237 கிலோ பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதே தளத்தில் 5 மீட்டர் துண்டும் தேவைப்படுகிறது என்று வையுங்கள். இரண்டு 3.5, ஒரு 5 என்று வெட்டினால் 12 மீட்டரும் சரியாகத் தீர்ந்துவிடும், மிச்சமே இல்லை.

இந்தக் கணக்கை எக்செல் போடும். ஆனால் வெட்ட ஆரம்பிக்கும் முன்பே முழுத் தளத்துக்கான கம்பிப் பட்டியல் கையில் இருக்கணும். இன்றைக்கு வேண்டிய தூணின் அளவை மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? இன்னொன்று. கம்பி கட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி. சேதாரம் குறைந்தால் லாபம் உங்களுக்கு, கூடுதல் தலைவலி அவருக்கு. மிச்சமாவதில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதைச் செய்யாமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் அது ஆபீஸ் கணினியிலேயே தூங்கும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்த டிராயிங்கை வைத்துக் கம்பி வெட்டாதீர்கள். திருத்த எண்ணும் (எத்தனையாவது திருத்தம் என்பது) தேதியும் இல்லாத டிராயிங் டிராயிங்கே இல்லை. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

மதுரை, வீடு கட்டப்போகிறவர்: 3டி பிரிண்டரில் வீடு கட்டினால் பாதிச் செலவில் முடியுமாமே?

முடியாது. பிரிண்டர் கலவையை அடுக்கடுக்காகப் பிதுக்கி அச்சடிப்பது பெரும்பாலும் சுவரை. அஸ்திவாரம், வயரிங், பிளம்பிங், கதவு, ஜன்னல், டைல்ஸ் எல்லாம் பழையபடி ஆள் வைத்துத்தான். வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதி மட்டுமே. தொழில்நுட்பம் பொய்யில்லை. 2021இல் சென்னை ஐஐடி வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடியில் ஒரு வீடு அச்சடித்துக் காட்டியது. 2023இல் பெங்களூரில் எல் அண்டு டி சுமார் ஒன்றரை மாதத்தில் ஒரு தபால் நிலையத்தையே கட்டியது. ஆனால் உங்கள் ஒரு மனைக்கு அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கி நிறுத்தும் செலவே கட்டுப்படியாகாது.

திருச்சி, சைட் இன்ஜினியர்: அடுக்குமாடி வேலை. ஒவ்வொரு தளத்திலும் பீமைத் துளைத்துத்தான் கழிவுநீர்க் குழாய் விடவேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பிம் வேண்டிய இடம் இதுதான். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். 1:60 என்று எடுத்தால் 6 மீட்டர் ஓட்டத்தில் 100 மி.மீ. இறங்கும். குழாயே 110 மி.மீ. ஆக, ஸ்லாபுக்குக் கீழே 210 மி.மீ.க்கு மேல் இடம் வேண்டும். குறுக்கே பீம் நிற்கிறது. பிளம்பிங் டிராயிங்கில் பீமின் ஆழம் தெரியாது, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் குழாயே இருக்காது. இரண்டையும் கணினியில் ஒரே முப்பரிமாண மாதிரிக்குள் ஏற்றினால் மோதும் இடத்தை மென்பொருள் சிவப்பில் காட்டும். அங்கே குழாயை நகர்த்த நாலு கிளிக் போதும். சைட்டில் கோர் கட்டிங் போட்டால், அதாவது இயந்திரத்தால் கான்கிரீட்டை வட்டமாகத் துளைத்தால், பீமின் அடிக்கம்பியே துண்டாகலாம்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பிளம்பரை அழைப்பதே ஸ்லாப் போட்ட பிறகுதான். அந்த வழக்கத்தை மாற்றாமல் மென்பொருள் மட்டும் வாங்கினால், விலை கூடிய படம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். இனி ஒரு பீமையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் துளைக்காதீர்கள்.

சிங்கப்பூர், சென்ட்ரிங் வேலை பார்க்கும் தம்பி: அண்ணே, பிம் படித்தால் வேலை கிடைக்குமா?

படிங்க தம்பி. நீங்கள் இருக்கும் ஊர் இதில் பலரை முந்திக்கொண்டது. 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் கட்டடக்கலை வரைபடங்களை பிம் வடிவில்தான் தரணும் என்று கட்டாயமாக்கி, 2015க்குள் 5,000 சதுர மீட்டர் வரை அதை இறக்கினார்கள். பிரிட்டன் மத்திய அரசு தன் திட்டங்களுக்கு 2016இல்தான் கட்டாயமாக்கியது. பலகை அடித்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது, கணினியில் மட்டும் வரைந்து பழகியவர்களிடம் அது இல்லை. பட்டன் அழுத்த மட்டும் சொல்லித்தரும் கோர்ஸில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நாகர்கோவில், கொத்தனார்: லேசர் லெவல் எல்லாம் எதுக்கு? தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை மிஞ்ச உலகத்தில் ஒன்றும் கிடையாது.

பாதி உண்மை, அண்ணாச்சி. டியூபுக்கு பேட்டரி வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கமும் மட்டம் சொல்லும். லேசருக்குச் சுவர் தாண்டத் தெரியாது.

சென்னை, இளம் இன்ஜினியர்: டியூபில் காற்றுக் குமிழி இருந்தால்? பிடிக்க இரண்டு ஆள் வேறு வேண்டும்!

நாகர்கோவில், கொத்தனார்: குமிழி இருக்கா என்று பார்க்கத் தெரியாதவன் கையில் டியூபைக் கொடுத்தது யார் குற்றம், தம்பி? உங்கள் லேசர் கோடு வெயிலில் தெரியுமா?

இருவரும் பொறுங்கள். வெயிலில் சாதாரண லேசர் கோடு தெரியாது, அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் டிடெக்டர் வேண்டும். திறந்தவெளி ஸ்லாபுக்கு முக்காலியில் வைத்துத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் ஆட்டோ லெவல்தான் சரி. ஆனால் வெயில் டியூபையும் விடாது, அண்ணாச்சி. ஒரு முனை வெயிலில் 50 டிகிரி, மறுமுனை நிழலில் 30 டிகிரி என்றால் சூடான தண்ணீரின் அடர்த்தி குறைந்து அந்தப் பக்கம் மட்டம் ஏறி நிற்கும். நின்றிருக்கும் ஒரு மீட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 8 மி.மீ. வித்தியாசம் வரும். குமிழியே இல்லாமல் பொய் சொல்லும். தரையில் கிடக்கும் நீளத்தால் பாதிப்பில்லை, நிமிர்ந்து நிற்கும் பகுதிதான் கணக்கு.

சென்னை, இளம் இன்ஜினியர்: ஆக, லேசர்தான்!

அவசரப்படாதீர்கள். சாதாரண லேசர்களின் துல்லியம் 10 மீட்டருக்கு 3 மி.மீ. கூடவோ குறையவோ என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதுவும் கீழே விழாத வரைக்கும். சுற்றிலும் கோடு போடும் கருவி என்றால், சுவரில் ஒரு குறி போட்டு, கருவியை 180 டிகிரி திருப்பி அதே சுவரில் மறுபடி குறி போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக விழவில்லையென்றால் சர்வீசுக்கு அனுப்புங்கள்.

நாகர்கோவில், கொத்தனார்: கீழே விழுந்ததைச் சித்தாள் சொல்லுவானா?

சொல்ல மாட்டான், அவன் கூலியில் பிடிப்பார்கள் என்ற பயம். இந்தச் சுற்று உங்களுக்குத்தான், அண்ணாச்சி. டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் லேசர், அறை விட்டு அறை மட்டம் கடத்த டியூப் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: 3டி பிரிண்டர் வீடு எவ்வளவு ஆகும்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஓசூர், கான்ட்ராக்டர்: ஆட்களுக்கு முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் ஆப் போட்டேன். ஒரு மாதத்தில் எல்லாரும் ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

பத்து நிமிடம் தாமதத்துக்குக் கூலி பிடித்தீர்களா? அப்படியானால் அவர்கள் கற்றுக்கொண்டது சரிதான். அதே ஆப்பில் ஓவர்டைம் எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அவர்களும் பார்க்கட்டும். பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியில். தங்களுக்கும் ஆதாயம் என்றால் அவர்களே ஒழுங்காகப் பதிவார்கள்.

தாம்பரம்: சைட்டை டிரோனில் படம் எடுக்கலாமா?

விமான நிலையமும் விமானப்படைத் தளமும் உள்ள பகுதி. முதலில் டிரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் மனை எந்த மண்டலம் என்று பாருங்கள். பச்சை இல்லையென்றால் அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.

தஞ்சாவூர்: 3டி பிரிண்டருக்கு லோன் கிடைக்குமா?

வங்கியைக் கேளுங்கள்.

வேலூர்: சார், என் வீட்டு பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கும் இன்ஜினியரிடம் காட்டுங்கள். திருத்த எண், தேதி.

ஈரோடு, சைட் இன்ஜினியர்: கான்கிரீட்டில் வெப்பநிலை சென்சார் வைத்தால் ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கலாமாமே?

கான்கிரீட்டின் வெப்பநிலையையும் நேரத்தையும் வைத்து வலிமையைக் கணிக்கும் முறை அது, நல்ல முறைதான். ஆனால் நீங்கள் போடும் அதே கலவைக்கு முன்கூட்டியே கியூப் (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டி) உடைத்து வலிமை பார்த்து ஒப்பீட்டு வரைபடம் தயாரிக்கணும். அது இல்லாமல் சென்சார் தருவது வெறும் வெப்பநிலை. அதுவரை கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால் தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதைத் தாண்டினால் 21. நீங்கள் வாங்குவது பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த போசோலானா சிமெண்ட்) என்றால் இந்த நாட்கள் கூடும், எவ்வளவு என்று டிசைன் செய்தவரைக் கேளுங்கள். மேல்தளத்துக்குச் செங்கல் ஏற்றி அடுக்கும் முன்னும் அவரையே கேளுங்கள்.