ஆட்டப் போட்டிக்கும் எய்ட்ஸ் தடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி நியாயமானதுதான். நியூயார்க்கின் 'பால்' போட்டிகளை, அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் உடையலங்காரத்திலும் ஆட்டத்திலும் மோதும் விழாக்களை, வீடியோவில் பார்த்தால் பளபளப்பான உடையும் வோகிங் நடனமும் (மாடல்கள் போல போஸ் கொடுத்து ஆடுவது) தான் கண்ணில் படும்.

1967-இல் அங்கே பெண் வேடக் கலைஞர்களுக்காக நடந்த ஓர் அழகுப் போட்டியில், நடுவர்கள் வெள்ளையர் பக்கம் சாய்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார் கருப்பினக் கலைஞர் கிரிஸ்டல் லபீஜா. அப்புறம் 1970-களின் தொடக்கத்தில் 'ஹவுஸ் ஆஃப் லபீஜா' பிறந்தது. அதைப் பின்பற்றி, பால் போட்டிகளில் அணிகளாக மோதும் வேறு பல 'வீடு'களும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயோ தந்தையோ உண்டு. பெற்றவர்கள் விரட்டிவிட்ட கருப்பின, லத்தீன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தங்க இடம், அதட்ட ஓர் ஆள் என எல்லாம் அங்கே கிடைத்தது.

எய்ட்ஸ் வந்தபோது இந்த அமைப்புதான் கைகொடுத்தது. மருத்துவமனைத் துண்டுப் பிரசுரத்தை நம்பாதவர்கள்கூட வீட்டுத் தாய் சொன்னால் கேட்பார்கள். 1982-இல் தொடங்கிய ஜிஎம்எச்சி என்ற எய்ட்ஸ் சேவை அமைப்பு இதைப் புரிந்துகொண்டு, 1990 வாக்கில் 'ஹவுஸ் ஆஃப் லேடெக்ஸ்' என்று தானே ஒரு வீட்டை உருவாக்கியது. (லேடெக்ஸ் என்றால் ஆணுறை செய்யும் ரப்பர், குறும்பான பெயர்!) போட்டிக்கு வருகிறவர்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரத் தூதர்களாக்கினார்கள். பின்னர் ஆண்டுதோறும் நடந்த 'லேடெக்ஸ் பால்' விழாவில் ஒரு பக்கம் ஆட்டம், மறுபக்கம் எச்ஐவி பரிசோதனையும் ஆணுறை விநியோகமும்.

என்னைக் கேட்டால், மக்களை மருத்துவமனைக்கு வரச் சொல்லாமல் அவர்கள் கூடுகிற இடத்துக்கே போனதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.