இருப்பாய்வில் 4,800 ரூபாய் உதைக்கிறதா? முதலில் கொள்முதல் திருப்பத்தைப் பாருங்கள்

இருப்பாய்வு (trial balance: எல்லாக் கணக்குகளின் மீதியையும் பற்று, வரவு என இரு பக்கமாகப் பட்டியலிட்டு, கூட்டுத்தொகை சமமா என்று பார்ப்பது) போட்டதில் பற்றுப் பக்கம் 4,800 ரூபாய் கூடுதலாக நிற்கிறது, பிபிஏ படிப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்முதல் திருப்பம் (வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பியது) 2,400-ஐப் பற்றுப் பக்கத்திலிருந்து எடுத்து வரவுப் பக்கத்தில் எழுதுங்கள். பற்றில் கூடுதலாக நிற்கும் 4,800 அதோடு சரியாகிவிடும்.

தவறான பக்கத்தில் எழுதிய தொகை, வித்தியாசத்தை இரட்டிப்பாகக் காட்டும். அதனால் எப்போதும் வித்தியாசத்தின் பாதியை முதலில் தேடுங்கள். உங்கள் பட்டியலில் 2,400 அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ‘திருப்பம்’ என்று பார்த்ததும் விற்பனைத் திருப்பம் (விற்ற சரக்கு திரும்பி வந்தது) போலவே பற்றில் போட்டிருப்பீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு பிபிஏ சேர்ந்தவர்களுக்கு இது ரொம்ப சகஜம், இதற்காகப் படிப்பையே மாற்ற யோசிக்க வேண்டாம்.

பாதித் தொகை எங்கும் கிடைக்காவிட்டால், வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா பாருங்கள். 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதினால் அப்படி வரும். 4,800 வகுபடாது, ஆகவே உங்களுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம்.

ஒன்று மட்டும்: இரு பக்கமும் சமமானால் கணக்கு முழுவதும் சரி என்று அர்த்தமில்லை. நீங்கள் பயிற்சிக்கு எடுத்திருப்பது மார்த்தாண்டம் தேன் கடைக் கணக்கு. தேன் பிழியும் இயந்திரம் ஒரு சொத்து; அதை வாங்கியதைத் தவறாகக் கொள்முதலில் (விற்பதற்கு வாங்கும் சரக்குக்கான கணக்கில்) எழுதியிருந்தாலும் இருப்பாய்வு சமமாகத்தான் நிற்கும். அதைப் பேரேட்டில் (ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாக இருக்கும் ஏட்டில்) தனியாகப் பாருங்கள்.