ஜோடெல் பெபே கட்டுகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

பிரான்சில் பூன் நகரத்தில் எதுவார் ழோலியும் அவர் மருமகன் ழான் தெலமோந்தெஸும் வடிவமைத்த ஒற்றை இருக்கை மர விமானம் ஜோடெல் டி9. முதலில் பறந்தது 1948 ஜனவரியில். இருவர் பெயரிலும் ஒரு துண்டு சேர்ந்ததுதான் ஜோடெல். செல்லப்பெயர் பெபே, அதாவது குழந்தை.

கேள்வி: சிறகு நுனிகள் மட்டும் மேலே மடங்கியிருப்பது அழகுக்காகவா சார்?

பதில்: வேலையைக் குறைக்கத்தான். நடுப்பகுதி தட்டை, அகலமும் மாறாது. அங்குள்ள ரிப்புகளை, அதாவது சிறகுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை, ஒரே அச்சில் செய்துவிடலாம். சாய்ந்தால் நிமிர்த்தும் ஏற்றம் வெளிப்பகுதிகளில் மட்டும், 14 பாகை. இதற்கு ஒரு விலை உண்டு: ஸ்பார், அதாவது சிறகைத் தாங்கும் முதன்மை உத்தரம், நுனிக்கு நுனி ஒரே துண்டு, 7 மீட்டர். சிறகு மடங்காது. மரம் வாங்கும் முன் கொட்டகையை அளந்து பாருங்கள், கதவையும் சேர்த்து.

கேள்வி: எந்தப் பசை?

பதில்: ரிசார்சினால் அல்லது விமானத் தர எபாக்சி. ரிசார்சினாலுக்கு இடைவெளியே ஆகாது. மரம் மரத்தோடு பொருந்தி, கிளாம்ப் நன்றாக இறுகி, அறையும் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். எபாக்சி சிறு இடைவெளியைப் பொறுக்கும், ஆனால் கிளாம்பை முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறி இணைப்பு பட்டினி கிடக்கும். வெயிலில் இளகவும் செய்யும்; அதனால் சிறகுக்குக் கறுப்பு, கருநீலம் வேண்டாம்.

பிளைவுட்டின் பளபளப்பை உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுங்கள். பிளைவுட் துண்டுகளை நீட்டி ஒட்டும் சரிவு 1:12, 2 மி.மீ. பலகைக்கு 24 மி.மீ. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு மரத்துண்டை ஒட்டித் தேதி போட்டு வையுங்கள். மறுநாள் உளி வைத்துப் பிளந்தால் மர இழை கிழிய வேண்டும். பசைக்கோடு வழவழப்பாகப் பிரிந்தால் அன்று ஒட்டியது எல்லாம் சந்தேகத்துக்குரியது.

கேள்வி: பழையதாக ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: கேசீன் பசையில் கட்டியது என்றால் கவனம். அது பால்புரதம், ஈரம் பட்டால் பூஞ்சை தின்னும். சிறகு மேலே மடங்கும் மூலையில், பின்விளிம்பு ஓரமாகப் பாருங்கள். வாலூன்றி நிற்கும் விமானத்தில் தண்ணீர் ஒதுங்குவது அங்கேதான். வடிதுளை அடைத்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

கேள்வி: எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வைக்கலாமா?

பதில்: கணக்குப் போடுங்கள். உச்ச எடை 320 கிலோ, வெறும் எடை சுமார் 190. மீதி 130. நீங்கள் 85, 25 லிட்டர் பெட்ரோல் 18. கையில் நிற்பது 27 கிலோ. ஸ்டார்ட்டர், பேட்டரி, தடித்த மெத்தை, மூன்று கோட்டு பெயிண்ட்... பெபே குண்டாவது இப்படித்தான். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்பப் பழகுங்கள். சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு.

கேள்வி: பெபேயில் மாட்டும் ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: எக்ஸாஸ்ட் வால்வுக்கு. காரில் முழு வேகம் எப்போதாவதுதான். இங்கே மணிக்கணக்கில் பெரும்பாரம். சூட்டில் வால்வுத் தண்டு நீளும், பிறகு வால்வின் தலை முறிந்து பிஸ்டனைப் பொத்துவிடும். முன்னறிவிப்பு டேப்பெட் இடைவெளியில், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் சந்தில், தெரியும். எஞ்சின் நன்கு ஆறியபின், 1600 சிசி-க்கு 0.15 மி.மீ. சரிசெய்வதற்கு முன் எட்டு வால்வின் அளவையும் நோட்டில் எழுதுங்கள். ஒன்று மட்டும் தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வந்தால், இடைவெளியைத் திரும்ப வைத்துவிட்டுப் பறக்காதீர்கள், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள்.

கேள்வி: டேக்-ஆஃபில் சுக்கான் பெடலை எந்தக் காலால் மிதிப்பது?

பதில்: எஞ்சினின் புல்லி முனையில் (காரில் பெல்ட் சக்கரம் இருக்கும் பக்கம்) ப்ரொப்பெல்லர் மாட்டியிருந்தால், காக்பிட்டிலிருந்து பார்க்க அது இடஞ்சுழி. விமானம் வலப்பக்கம் இழுக்கும், எனவே இடது கால். செஸ்னா பயிற்சி விமானத்தில் பழகிய வலது கால் தானாக முன்னே போகும். த்ராட்டிலை மெதுவாகத் தள்ளுங்கள்.