மகளின் நோட்டும் வீட்டுப் பத்திரமும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் குடியாத்தத்திலிருந்து மகளோடு வந்திருந்தபோது, கவலைப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். லுங்கித் தறியில் உழைத்துக் கட்டிய வீட்டின் பத்திரத்தை அடகு வைத்து, பெங்களூர் மைத்துனரின் சொல்லுக்காக நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்க முனைபவர் கவலைப்படத்தான் வேண்டும்.

நீட், பொறியியல் கலந்தாய்வு பற்றி ஊரே பேசுகிறது. நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் பேச விரும்புவது மகள் தயங்கித் தயங்கி நீட்டிய நோட்டைப் பற்றி. எஃபிகேசி, எஃபெக்டிவ்நெஸ், எஃபிஷியன்சி என்று எழுதி, ‘அகராதி மூன்றையும் திறன் என்கிறது, பிறகு மூன்று சொல் எதற்கு?’ என்று கீழே கேட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்கு நம் வேலூரிலேயே விடை இருக்கிறது. ரோட்டாவாக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கை அது 53.6 சதவீதம் குறைத்தது. கண்காணிப்போடு நடந்த சோதனையில் கிடைத்த அந்தக் கணக்கு எஃபிகேசி. 2016இல் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து தேசியத் திட்டத்துக்குள் வந்த பிறகு, தவணை தவறிய குழந்தைகளும் தாமதமாக வந்தவர்களும் கலந்த ஊர்ப்புறத்தில் அது எவ்வளவு காக்கிறது என்பது எஃபெக்டிவ்நெஸ். அதே பலனுக்கு எவ்வளவு பணமும் செவிலியர் நேரமும் செலவாயின என்பது எஃபிஷியன்சி. அறிக்கையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று விழுந்தால், நிரூபிக்காததை நிரூபித்ததாக எழுதியதாகிவிடும்.

இந்த உறுத்தலையே தொழிலாகக் கொண்ட துறைக்கு மெடிக்கல் ரைட்டிங் என்று பெயர். மருந்துச் சோதனை முடிந்ததும் புள்ளியியலாளர் தரும் அட்டவணைகளை வைத்து ஆய்வறிக்கையை எழுதுவதும், ஒவ்வோர் எண்ணையும் மூல அட்டவணையோடு ஒப்பிடுவதும், மருத்துவர் ஓரத்தில் எழுதும் ஆட்சேபங்களுக்கு ஏற்பத் திருத்துவதும் அவர்கள் வேலை. சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கு நிறுவனங்கள் உள்ளன. பி.பார்ம், அல்லது நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற பட்டமும் அதன் மேல் முதுநிலையும் இருந்தால் நுழைவது எளிது. வெறும் ஆங்கில இலக்கியப் பட்டத்தோடு போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நிரல் எழுதுவதில் நாட்டமில்லை என்று உங்கள் எதிரிலேயே மகள் சொன்னாள், நீங்கள்தான் குறுக்கிட்டீர்கள். சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைத் தருகிறேன், பத்து வரியில் எழுதிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வேறு வழி பார்ப்போம். பத்திரம் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.