பிபிஎல் தியரி தேர்வு: பிட், மனப்பாடம், மேற்பார்வை – கேள்வி பதில்

பொழுதுபோக்காக விமானம் ஓட்டக் கற்பவர்களுக்குச் சென்னையில் கிரவுண்ட் கிளாஸ், அதாவது வகுப்பறைப் பாடம், எடுக்கிறேன். பிபிஎல் என்ற தனிநபர் விமானி லைசென்ஸுக்கான தியரி தேர்வின் நேர்மை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பல்லாவரம் மாணவர்: சார், பழைய கேள்விகளை மனப்பாடம் செய்தாலே பாஸ் ஆகலாமாமே. அது ஏமாற்று வேலையா?

இல்லை தம்பி. ஆனால் தேர்வின் பெரிய ஓட்டை அதுதான். பிட் அடிப்பவரைப் பிடித்துவிடலாம், மனப்பாடக்காரரை என்ன செய்வது?

டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்றின் அடர்த்தியைப் பொறுத்து விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும் என்ற கணக்கையே பாருங்கள். மே மாத மதியம், மீனம்பாக்கம், 40 டிகிரி. கடல்மட்டத்தின் திட்ட வெப்பநிலை 15. வித்தியாசம் 25, டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி. ஓடுதளம் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் இன்ஜினும் இறக்கையும் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் வேலை செய்யும். டேக் ஆஃப் ஓட்டம் நீளும், மேலேறுவது மந்தமாகும். இதை ‘விடை சி’ என்று மட்டும் படித்தவரிடம் 34 டிகிரி என்று மாற்றிக் கேளுங்கள், விழிப்பார். ஒவ்வொருவருக்கும் எண்களை மாற்றிக் கொடுப்பது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. விமான விதிகள் பாடமான ரெகுலேஷன்ஸில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கேள்விகளைப் புதிதாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மேடவாக்கம் வாசகி: பாடம் எடுப்பவரே தேர்வும் வைக்கலாமா?

ஸ்டூடன்ட் பைலட், அதாவது பயிற்சி மாணவர் அளவில் சரி மேடம். மாணவரைத் தனியாகப் பறக்க அனுப்பும் பொறுப்பு அவருடையதுதானே. பிபிஎல் வாங்கியவர் அடுத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு பறப்பார். அங்கே கேள்வித்தாள் வெளியிலிருந்து வர வேண்டும். பிரிட்டன் 2020 அக்டோபரில் பிபிஎல் தேர்வுகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியது. எழுதும் இடம் பயிற்சிப் பள்ளியாகவே இருக்கலாம், கேள்விகள் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து வரும். எனக்கு அது பிடித்த ஏற்பாடு.

வேளச்சேரி வாசகர்: பிடிபட்டால்?

அமெரிக்காவில் ஓர் ஆண்டுக்கு எந்த லைசென்ஸுக்கும் விண்ணப்பிக்க முடியாது. இங்கே 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்த விமானிகள் கைதானார்கள். பாகிஸ்தானில் 2020இல் 262 விமானிகளின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று அமைச்சரே சொன்னார். ஆள்மாறாட்டமும் அந்தப் புகாரில் உண்டு. அதெல்லாம் தொழில்முறை விமானிகள் கதை. ஆனாலும் வாசலில் முகத்தையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்க்காத தேர்வு, யாருக்கு நடந்தாலும் தேர்வே இல்லை.

தாம்பரம், ஒரு அப்பா: மகள் 72 எடுத்து பாஸ் ஆகிவிட்டாள். போதும்தானே?

வாழ்த்துகள் சார். ஆனால் போன 28 எதில் போனது? நேவிகேஷனிலா, வானிலையிலா? அமெரிக்காவில் ரிசல்ட் தாளிலேயே தவறவிட்ட பாடங்களின் குறியீடு இருக்கும். பறக்கும் தேர்வுக்கு முன் தேர்வாளர் அவற்றை வாய்மொழியாகக் கேட்டே ஆக வேண்டும். மனப்பாடம் அங்கே மாட்டிக்கொள்ளும். தேர்வு ஹாலில் கண்காணிப்புக் கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யலாம் என்பேன். உங்கள் மகள் காத்திருக்க வேண்டாம். தவறிய பகுதிகளை இன்ஸ்ட்ரக்டரிடம் இப்போதே கேட்கட்டும்.

குரோம்பேட்டை மாணவி: ஹாலுக்குள் என்னென்ன கூடாது?

போன், ஸ்மார்ட் வாட்ச் இரண்டும் வெளியே. நேவிகேஷன் கணக்குப் போடக் கையால் சுழற்றும் வட்டுக் கருவியைப் பலரும் சோதிப்பதில்லை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய சூத்திரங்களை நானே அழிக்க வைத்திருக்கிறேன்.