வன உரிமைப் பட்டா இருக்கிறது, ஈட்டி மரத்தை விற்கலாமா?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நாங்கள் முள்ளுக்குறும்பர் பழங்குடி. வன உரிமைச் சட்டப்படி அப்பா, அம்மா இருவர் பேரிலும் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா கிடைத்திருக்கிறது. நிலத்தில் காப்பி, மிளகு, நாங்களே நட்ட சில்வர் ஓக் மரங்கள், மேட்டில் ஒரு பழைய ஈட்டி (ரோஸ்வுட்) மரம். மரத் தரகர் ஒருவர் வந்து, பட்டா உங்கள் பேரில் இருப்பதால் மரமும் உங்களுடையதுதான், பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். அப்பா இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை கல்யாணம் நெருங்குகிறது. விற்கலாமா?"

விற்காதீர்கள். அந்த ஈட்டி மரத்தில் கோடரி படவே கூடாது.

உங்கள் கையில் இருக்கும் காகிதம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை முதலில் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து உழுதுவரும் பழங்குடியினருக்கு அங்கே குடியிருக்கவும் பிழைப்புக்காகப் பயிர் செய்யவும் உரிமையை உறுதி செய்கிறது. உங்கள் பெற்றோருக்குப் பிறகு அது உங்களுக்கு வரும். ஆனால் அந்த நிலத்தை விற்கவோ, வேறு பேருக்கு மாற்றவோ முடியாது. பட்டா வந்துவிட்டதால் அந்த இடம் பதிவேட்டில் காடாக இல்லாமல் போய்விடுவதும் இல்லை. தானாக முளைத்து நிற்கும் காட்டு மரத்தை வெட்டி விற்கும் உரிமையைச் சட்டம் எங்கும் கொடுக்கவில்லை. பத்திரம் பதிவு செய்து வாங்கும் பட்டா நிலத்தையும் இதையும் ஒரே மாதிரி பேசுவதுதான் தரகரின் முதல் வேலை.

உங்கள் ஊர் மரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்தியா முழுவதும் அனுமதியில்லாமல் காட்டு மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் நிறுத்தியதே, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, அது உங்கள் பக்கத்துக் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்துத்தான் 1995-இல் போடப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே 1955-இல் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நீலகிரியில் சொந்த நிலத்து மரமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். ஈட்டியைப் பொறுத்தவரை, 2017 முதல் பன்னாட்டு வணிகத்திலும் அந்த மர இனம் முழுவதும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நேர்வழியில் விற்க முடிந்தால் தரகர்கள் ஈட்டியை இரவில் லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

சரி, அவர் ஏன் உங்கள் வீடு தேடி வந்தார்? காட்டுக்குள் நிற்கும் ஈட்டியை வெட்டினால் மாட்டிக்கொள்வது அவர். உங்கள் நிலத்து ஈட்டியை வெட்டினால் மாட்டிக்கொள்வது உங்கள் அப்பா. கையெழுத்து அதற்குத்தான். உங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் வயநாடு. அங்கே முட்டில் என்ற ஊரில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2020 அக்டோபரில் கேரள அரசு, அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலங்களில் உள்ள மரங்களைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. அதைக் காட்டி வியாபாரிகள் ஆதிவாசிகளிடமும் சிறு விவசாயிகளிடமும் சொற்பத் தொகை கொடுத்து ஈட்டி மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சிலவற்றுக்கு வயது 500 ஆண்டுகளைத் தாண்டும் என்று பின்னால் சோதனையில் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதற்குள் மரம் போய்விட்டது. அப்புறம் வழக்கு நடந்தபோது, நிலக்காரர்களின் பேரிலும் அபராத நோட்டீஸ் போனது. கையெழுத்து வாங்கிப் போனவர்கள், அனுமதி கேட்டு மனு கொடுத்தவர் நிலக்காரர்தான் என்று சொல்ல முடிந்தது. உங்கள் அப்பா போட்ட இரண்டு கையெழுத்தில் ஒன்று அப்படிப்பட்ட மனுவாக இருக்கலாம் என்பதுதான் என் பயம்.

நான் பார்த்த ஒரு குடும்பத்தில் பாட்டியிடம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். தாளின் மேல்பகுதி வெறுமையாகவே இருந்தது. வனத்துறை வந்தபோது அதே தாளில், அவரே மரத்தை விற்றுப் பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டதாக எழுத்து நிரம்பியிருந்தது. வெட்டிய அடிமரத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். மழை வந்ததும் மண் கரைந்து, கருஞ்சிவப்பாக அந்த அடிமரம் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றி நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தவர்களுக்குப் பாட்டி தண்ணீர் கொடுத்தார். அடிமரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, அது உங்கள் நிலத்தில்தான் இருக்கும்.

நீங்கள் நட்ட சில்வர் ஓக் வேறு விஷயம். அதற்கு வழி உண்டு, ஆனால் அனுமதியை எழுத்தில் வாங்காமல் ஒரு கிளையைக்கூட விற்க வேண்டாம். மனுவை உங்கள் கையால் எழுதுங்கள். எத்தனை மரம், எந்த ஆண்டு நட்டது என்று குறிப்பிடுங்கள். வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நகலில் முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு எளிய மனுவுக்கு 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்ல அலுவலகங்கள் மாதக்கணக்கில் இழுப்பதால்தான் தரகர்களுக்கு இந்தத் தொழிலே நடக்கிறது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் 2008-இலிருந்து 2016 வரை பட்டா கொடுக்க முடியாமல் கிடந்தது. அத்தனை வருடம் காத்திருந்த மக்களை இன்னமும் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்புகிறார்கள்.

கல்யாணச் செலவுக்கு வேறு வழி கேட்பீர்கள். மூங்கில் இருக்கிறதா? இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூங்கில் விஷயத்தில் உங்களுக்குச் சட்டம் சாதகமாக இருப்பது பலருக்குத் தெரியவில்லை. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் மூங்கிலும் மரம்தான் என்று எழுதியிருந்தது. வன உரிமைச் சட்டமோ மூங்கிலைத் தேன், மெழுகு, பிரம்பு, மூலிகையோடு சேர்த்துச் சிறு வன மகசூலாக வைத்தது. அதைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உங்கள் சமூகத்துக்கு உரிமை உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊருக்கு 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் சமூக உரிமை கிடைத்தது. ஆனால் மூங்கிலை ஏற்றிப்போகப் பாஸ் கொடுக்க வனத்துறை மறுத்தது. கடைசியில் 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய் அந்தப் பாஸ் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். 2012-இல் வன உரிமைச் சட்டத்தின் விதியையே திருத்தி, சிறு வன மகசூலுக்கான போக்குவரத்துப் பாஸைக் கிராம சபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம் என்று எழுதினார்கள். 2017-இல் 1927 வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இரண்டும் தனித்தனிச் சட்டம், குழப்பிக்கொள்ள வேண்டாம். காட்டு மூங்கில் என்றால் உங்கள் தனிப் பட்டா போதாது. ஊர் சேர்ந்து சமூக உரிமைக்கான 'பி' படிவத்தைக் கிராம சபை வழியாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருக்கிறீர்களா என்று ஊர் வன உரிமைக் குழுவிடம் கேளுங்கள். கல்யாணத்துக்குள் பணமாகாது, உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் வரக்கூடிய வருமானம் அது.

இப்போது அவசரம் அந்த 10,000 ரூபாய். செலவழித்திருந்தாலும் திரட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், ரசீது இருக்கட்டும். அதோடு ஒரு கடிதம்: மரத்தை விற்க ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தைத் திருப்பிவிட்டோம், கையெழுத்திட்ட தாள்களைத் திருப்பித் தர வேண்டும் என்று. அதன் நகலை வனச்சரகருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். நாளைக்கு மரம் காணாமல் போனாலும் நீங்கள் முன்பே சொல்லிவிட்டதற்கு அதுவே சாட்சி.

தரகர் மிரட்டினாலோ, ஆள் வைத்து மரத்தை வெட்ட வந்தாலோ, காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜி)-யைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். பழங்குடியினரின் வன உரிமையில் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் குறுக்கிடுவதும், நிலத்து விளைச்சலை எடுத்துப் போவதும் அதில் குற்றம். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அங்கே போகும்போது அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டாவில் இருவர் பேரும் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.